ஜாஹிதாவின் தேதி மெசின்

ஜாஹிதாவிடம் யாரும் ஒரு தேதியைச் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. கல்யாணத் தேதி, பிள்ளை பிறந்த தேதி, லைசென்ஸ் முடியும் தேதி, எதுவானாலும் ஆளை நிறுத்தி, "அது என்ன கிழமைன்னு தெரியுமா?" என்பாள். தெரியாது என்றால் அவளே சொல்வாள். தெரியும் என்று தப்பாகச் சொன்னாலும் அவளேதான் சொல்வாள். தம்பினுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்தத் தாமான் குடியிருப்பில் அவளுக்குக் காலண்டர்க்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் பாதி கேலி. அவள் அதை முழுப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பித்து ஃபேக்டரியில் பிடித்தது. செனவாங்கில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். அங்கே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சின்னச் சில்லுகள் வரும். ஒவ்வொன்றின் முதுகிலும் நாலு எண் இருக்கும். 9714 என்றால் தொண்ணூற்றேழாம் வருஷத்தின் பதினாலாவது வாரம் செய்தது என்று பொருள். கெட்டுப்போன சில்லு திரும்பி வந்தால் சூப்பர்வைசர் முதலில் கம்ப்யூட்டரைத் தேடமாட்டார், ஜாஹிதாவைத்தான் தேடுவார். அவள் கண்ணைச் சுருக்கி, "மார்ச் முப்பத்தொண்ணுல இருந்து ஏப்ரல் ஆறு வரைக்கும்" என்பாள். இப்படி ஆயிரமாயிரம் வாரங்கள் அவள் விரல் வழியாகப் போயின. அவளுக்கு ஐம்பது வயதானபோது கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. சில்லுகள் போயின, பித்து மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

வீட்டில் சும்மா இருக்க முடியுமா? ஆட்கள் விடவும் இல்லை. "எங்க மாமா மவுத்தானது தொண்ணூத்தி மூணு ஜூன் ஒம்போது. பிறைக் கணக்குல என்ன தேதி? வருஷ ஃபாத்திஹா ஓதணும்" என்று ஒரு வீட்டிலிருந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டுத் தாயம்மா பேரப்பிள்ளையின் பிறந்த தேதியைக் கொண்டுவந்து, தமிழ் மாதத்தில் எத்தனையாவது நாள் என்பாள். பழைய பள்ளிவாசல் காலண்டர்களையும் கோயில் காலண்டர்களையும் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு ஜாஹிதா புரட்டிப் புரட்டிச் சொன்னாள். ஒருநாள் அலுத்துப்போய், "இதை ஒரு மெசின் செய்யாதா?" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். புருஷன் யாசின், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், "செய்யும். நீ செஞ்சா செய்யும்" என்றார். நக்கலாகத்தான் சொன்னார். வினை அங்கேதான் தொடங்கியது.

மகள் ருமைசா கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடந்தது. இணையத்தில் இலவசப் பாடங்கள் இருந்தன. எட்டு மாதம் ஆயிற்று. முதல் மாதம் முழுக்க அவள் போட்ட தேதியெல்லாம் ஒரு மாதம் தள்ளியே வந்தது. ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஜனவரிக்கு எண் பூஜ்யமாம், பிப்ரவரிக்கு ஒன்றாம். "ஜனவரிய பூஜ்யம்னு வச்சவன் எவன் லா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தாயம்மா வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். இன்னொரு விஷயம் அவளைச் சொக்க வைத்தது. உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து நொடி நொடியாக எண்ணிக்கொண்டே இருக்கின்றன, தேதி என்று நமக்குக் காட்டுவதெல்லாம் அந்த ஒற்றை எண்ணைப் பிரித்துக் காட்டுவதுதான் என்று படித்தாள். சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த எண் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

கடைசியில் மெசின் வந்தது. மெசின் என்றால் இரும்பு அல்ல, ஓர் இணையப் பக்கம். ஒரு தேதியைப் போட்டால் அதன் கிழமை, பிறைத் தேதி, தமிழ்த் தேதி, ஃபேக்டரி வார எண், அந்த நொடிக்கணக்கு ஐந்தையும் காட்டும். இரண்டு நேரங்களைப் போட்டால் நடுவில் எவ்வளவு காலம் என்று சொல்லும். இதெல்லாம் வேறு பக்கங்களிலும் உண்டு. ஆனால் ஜாஹிதாவின் மெசின் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்கும்: "நேரம் என்ன?"

பிறைக் கணக்கில் நாள் நடுச்சாமத்தில் மாறுவதில்லை. சூரியன் விழுந்து மஃரிபு பாங்கு சொன்னதுமே அடுத்த நாள் பிறந்துவிடும். ஏழு மணிக்குச் செத்தவருக்கும் ஏழரைக்குச் செத்தவருக்கும் ஃபாத்திஹா வேறு வேறு நாளாகலாம். மற்ற பக்கங்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஜாஹிதா பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்து, முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் மஃரிபு நேரத்தைத் தன் கையாலேயே தட்டி உள்ளே ஏற்றினாள். பத்து நாள் வேலை. எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று யாசின் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

காரணம் அவளுடைய உம்மா. 1979 மார்ச் பன்னிரண்டு, திங்கட்கிழமை. அப்போது அவள் வாப்பா தோட்டத்துக்குள் மளிகைக் கடை வைத்திருந்தார், குடும்பம் கடைக்குப் பின்னால் குடியிருந்தது. உம்மா மூன்று வாரமாகப் படுக்கையில். ஜாஹிதாவுக்கு ஆறு வயது. கம்பத்துச் சுராவில், அந்தச் சின்னத் தொழுகைக் கூடத்தில், மஃரிபு பாங்கு சொல்லி முடித்தார்கள். வாப்பா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, சட்டைக் கையை மடித்தபடியே உள்ளே வந்தார். அவர் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் உட்கார்ந்திருந்த ஜாஹிதாவின் காலில் விழுந்தது. உம்மா ஒரு வார்த்தை கேட்டார். பிறகு மூச்சு நின்றது. அந்த வார்த்தையை ஜாஹிதா யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

பாங்குக்குப் பிறகு போன உயிர், ஆகவே ரபீயுல் ஆகிர் பதினாலு. வாப்பா இருந்தவரை அந்தப் பதினாலில்தான் வருஷ ஃபாத்திஹா ஓதினார்கள். சொந்தமெல்லாம் சஹனைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தொண்ணூற்றேழில் வாப்பா மவுத்தானார். அடுத்த வருஷம் பொறுப்பு அவளுடைய அண்ணனிடம், காக்காவிடம், வந்தது.

காக்கா ஷம்சுதீன் ஜாஹிதாவைவிடப் பதினாலு வயது மூத்தவர், சிரம்பானில் சாப்பாட்டுக் கடை நடத்தி ஓய்ந்தவர். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாத மனிதர். கரண்ட் பில்லைக்கூட வருஷவாரியாகக் கட்டி வைப்பார். உம்மாவின் இறப்புப் பத்திரத்தை அப்போதுதான் எடுத்து நிதானமாகப் படித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதிக் கொடுத்த நேரம் அதில் இருந்தது: மாலை 7.10. சுவரிலிருந்த பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்தார். மார்ச் பன்னிரண்டு, மஃரிபு 7.25. தீர்ந்தது கதை. "மஃரிபுக்குப் பதினஞ்சு நிமிஷம் முன்னாலயே மவுத்தாயிட்டாங்க. பதிமூணுதான் சரி. வாப்பா பதறிப்போய் தப்பா எண்ணிட்டாங்க" என்றார்.

"காக்கா, பாங்கு சொல்லி முடிச்சாச்சு. நான் கேட்டேன். நான் அங்கதான் இருந்தேன்" என்றாள் ஜாஹிதா.

"ஆறு வயசுப் புள்ளைக்கு என்னா தெரியும்? சூராட்டு பொய் சொல்லுமா?" என்று பத்திரத்தைத் தட்டிக் காட்டினார்.

அவ்வளவுதான். அந்த வருஷத்திலிருந்து காக்கா சிரம்பானில் பதிமூன்றில் ஓதினார், ஜாஹிதா தம்பினில் பதினாலில் ஓதினாள். ஒருவர் சஹனில் மற்றவர் கைவைக்கவில்லை. பெருநாளுக்குப் பார்த்துக்கொள்வார்கள், நலம் கேட்பார்கள், உம்மா பேச்சு மட்டும் வராது. இப்படி இருபத்தேழு வருஷம். காக்கா பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று ஜாஹிதா வெளியே சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. காகிதத்தில் 7.10 என்று இருப்பது உண்மைதானே? அப்படியானால் அந்தப் பாங்கு அவளாகச் சேர்த்துக்கொண்டதா? பாங்கு பொய்யென்றால் காலில் விழுந்த தண்ணீரும் பொய்தானே? உம்மா கேட்ட அந்த வார்த்தை?

மெசினுக்கு மஃரிபு நேரமெல்லாம் ஏற்றி முடித்த அன்று, அவள் முதலில் போட்ட தேதி அதுதான். 12 மார்ச் 1979, மாலை 7.10. பொத்தானை அழுத்தினாள்.

ரபீயுல் ஆகிர் 13.

மறுபடி அழுத்தினாள். பதிமூன்று. தட்டித் தட்டி அவள் கையாலேயே கட்டிய மெசின், காக்கா பக்கம் நின்றது. அழுகை வந்தது, அழுதாள். யாசின் வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி கலந்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்துக் காக்காவுக்குப் போன் போட்டாள். "நீங்க சொன்னதுதான் சரி போல காக்கா. இந்த வருஷம் பதிமூணுல நான் அங்க வந்துடறேன்." "நல்லது. வா" என்றார். ஜெயித்த குரலாக இல்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். கோலா கிளாவாங்கில் டயர் கடை வைத்திருக்கும் ரவிச்சந்திரன் என்ற ஆள் நடுவில் வந்தார். பக்கத்தின் அடியில் ஜாஹிதா தன் நம்பரைப் போட்டிருந்தாள். ஃபாத்திஹாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அதில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது.

"அக்கா, உங்க மெசின் ரோசாக் லா! கெட்டுப்போச்சு! நானும் விமலாவும் ரெட்டைப் புள்ளைங்க. நான் எம்பத்தொண்ணு டிசம்பர் முப்பத்தொண்ணு, ராத்திரி பதினொன்னே கால். அவ பன்னெண்டே கால், எம்பத்திரெண்டு பொறந்தாச்சு. ரெண்டும் பேர்ப் பத்திரத்துல இருக்கு. ஒரு மணி நேரம், சின்னப் புள்ளயும் சொல்லும். உங்க மெசின் அரை மணின்னு சொல்லுது. நாப்பது வருஷமா நான் ஒரு வயசு மூத்தவன்னு சொல்லி அவள வேல வாங்கிக்கிட்டு இருக்கேன். இப்ப உக்காந்து சிரிக்கிறா!"

ஜாஹிதாவுக்குச் சுருக்கென்றது. தப்பு என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. ஃபேக்டரியில் கெட்ட சில்லைச் சோதிப்பதுபோலவே சோதித்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக் கூடாது. வருஷத்தை மட்டும் மாற்றினாள். எண்பதில் அதே இரண்டு நேரம் போட்டால் ஒரு மணி நேரம். எண்பத்திரண்டில் போட்டாலும் ஒரு மணி நேரம். ரவிச்சந்திரன் பிறந்த அந்த ஓர் இரவில் மட்டும் அரை மணி. மெசின் கெட்டிருந்தால் எல்லா வருஷத்திலும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? அந்த இரவில் அப்படி என்னதான் நடந்தது? பயம் போய், ஆசை வந்தது. அவளுக்கு இப்படி ஒரு முடிச்சு கிடைத்து வெகுநாளாயிற்று.

கம்ப்யூட்டர் மொழியோடு ஒரு பட்டியல் சேர்ந்தே வரும். எந்த நாடு எந்த நாளில் தன் கடிகாரத்தை மாற்றியது என்ற பட்டியல். அவள் எழுதியதல்ல, மெசின் தானாக அதைப் பார்த்துக்கொள்ளும். அதைத் திறந்து கோலாலம்பூர் வரியைத் தேடினாள். 1981 முடியும்வரை நம் பக்கத்துக் கடிகாரம் உலகக் கணக்குக்கு ஏழரை மணி முன்னால் இருந்திருக்கிறது. அந்த இரவு, கடலுக்கு அப்பாலிருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாவதற்காக எட்டு மணி ஆக்கினார்கள். பதினொன்றரை அடித்ததும் பன்னிரண்டு. நடுவில் அரை மணி நேரம் இந்த ஊரில் யாருக்குமே நடக்கவில்லை.

"தம்பி, மெசின் ரோசாக் இல்ல" என்று பதில் அனுப்பினாள். "நீங்க அரை மணிதான் மூத்தவரு."

"அத விமலாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா" என்று வந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தமும் சேர்ந்தே கேட்டது.

சிரித்துக்கொண்டே ஜாஹிதா அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் நறுக்கும்போதுதான் அது வந்தது. வாப்பாவின் கடை. சுவரில் பெரிய வட்டக் கடிகாரம். புது வருஷம் பிறந்த வெள்ளிக்கிழமை காலை, ஜும்மாவுக்குக் கிளம்புமுன் ஸ்டூலில் ஏறி ஒருவர் பெரிய முள்ளைத் தள்ளுகிறார். ஒன்பது வயது ஜாஹிதா ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "இப்படித் தள்ளினா நோன்பு தொறக்கறதும் அரை மணி லேட்டாவுமா?" என்று கேட்கிறாள். "மணிதான் லேட்டாவும். சூரியன் அதே நேரத்துக்குத்தான் விழும், போ" என்கிறார் மேலே நிற்கிறவர்.

கத்தியைக் கீழே வைத்தாள்.

அவள் மெசினில் ஏற்றிய மஃரிபு நேரமெல்லாம் இந்த வருஷத்துக் காலண்டரிலிருந்து எடுத்தது. காக்கா பார்த்ததும் சுவரிலிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் காலண்டர். இன்றைய கடிகாரத்தில் 7.25க்கு விழும் சூரியன் எழுபத்தொன்பதில், அன்றைய கடிகாரத்தில், 6.55க்கு விழுந்திருக்கிறது. டிரஸ்ஸர் எழுதிய 7.10 சரி. சூராட்டு பொய் சொல்லவில்லை. பாங்கு சொல்லிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது!

கையைக்கூடக் கழுவாமல் போய் அந்த ஓர் இடத்தைத் திருத்தினாள். எண்பத்திரண்டுக்கு முந்திய தேதியென்றால் மஃரிபில் அரை மணி கழி. பொத்தானை அழுத்தினாள். பதினாலு. வெங்காயக் கண்ணீரும் மற்றதும் கலந்து வழிய, தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் காக்கா காகிதத்து ஆள். மறுநாள் இரண்டு பக்கம் அச்செடுத்துக்கொண்டு, யாசினை ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொல்லி, சிரம்பானுக்கு ரயிலேறினாள். வழியெல்லாம் செம்பனை ஓடியது. மனசுக்குள் அவள் ஒரு பெரிய பேச்சைக் கட்டினாள். இருபத்தேழு வருஷத்துக் கோபம் அதில் இருந்தது. ரெம்பாவ் தாண்டும்போது அது கேட்க நன்றாக இருந்தது. சிரம்பானில் இறங்கும்போது ஒரு வரிகூட நினைவில் இல்லை.

காக்கா கூடத்தில் உட்கார்ந்து சமையல்காரப் பண்டாரிக்குப் போன் செய்துகொண்டிருந்தார், எத்தனை சஹன், எவ்வளவு இறைச்சி என்று. மேசைமேல் பிளாஸ்டிக் உறை போட்ட உம்மாவின் பத்திரம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஃபாத்திஹாவுக்கு முன்னால் எடுத்து வைப்பார் போலிருக்கிறது. இத்தனை நாள் அது அவளுக்குத் தெரியாது. அறுபத்தாறு வயதில் அவர் முதுகு நன்றாக வளைந்திருந்தது.

காகிதத்தைப் பத்திரத்தின் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மட்டும் கேட்டாள்.

"காக்கா, கடைக் கடிகாரத்தைத் தள்ளி வச்சது யாரு? எம்பத்திரெண்டு புது வருஷத்தன்னிக்கு."

"எந்தக் கடிகாரம்?" என்றார். காகிதத்தை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்தை முடித்து இரண்டாம் பக்கத்துக்குப் போகாமல் மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார். பத்திரத்தைப் பார்த்தார். 7.10 என்ற எண்ணின்மேல் விரல் வைத்தார்.

"நான்தான்" என்றார். "ஸ்டூலை நீதான் புடிச்சுக்கிட்டு இருந்தே."

"ஆமா."

"வாப்பா சரியாத்தான் எண்ணியிருக்காங்க. நான் போயி அவங்களைத் திருத்தியிருக்கேன்." "இருபத்தேழு வருஷம், தங்கச்சி."

மன்னிப்புக் கேட்பார் என்று ஜாஹிதா எதிர்பார்க்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. போனை எடுத்தார். "பண்டாரி, நாளைக்கழிச்சு வேணாம். அதுக்கும் அடுத்த நாள். ஆமா, பதினாலு. இனிமே எல்லா வருஷமும் பதினாலுதான்." வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. அன்னிக்கு நான் சிரம்பான்ல வேலையில இருந்தேன். வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்குக் கெடச்சது இந்தச் சூராட்டு ஒண்ணுதான். அதான் அதையே புடிச்சுக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீ அங்க இருந்தே. ஒரு நாளும் உன்கிட்ட நான் கேட்டதில்ல. சொல்லு, என்னா நடந்துச்சு?"

ஜாஹிதா உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருஷமாக வைத்திருந்ததை எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கடைசியிலிருந்தே தொடங்கினாள்.

"ஏழு மணி பஸ்ஸு போயிருச்சான்னு கேட்டாங்க, காக்கா. நீங்க அதுலதானே வருவீங்க."